ஒரு கரண்டி தயிர் வாய்க்குள் என்ன செய்கிறது?

ஆய்வகங்களில் ஒரு எளிய சோதனை உண்டு. உள்ளங்கை அளவுள்ள வட்டத் தட்டில் அகார் என்ற கூழை ஊற்றி உறையவிடுவார்கள். அது இறுகியதும், பல் சொத்தைக்குப் பேர்போன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியாவைப் பஞ்சு முனையால் தொட்டு மேலெல்லாம் தடவுவார்கள். பிறகு கூழில் அங்கங்கே சிறு குழிகள் வெட்டி, ஒன்றில் தயிரிலிருந்து பிரித்த தெளிநீரையும் இன்னொன்றில் வெறும் பாலையும் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். 37 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வைத்திருந்து எடுத்துப் பார்த்தால், பால் விட்ட குழியைச் சுற்றி பாக்டீரியா மங்கலான படலமாக வளர்ந்து மூடியிருக்கும். தயிர்த் தெளிநீர் விட்ட குழியைச் சுற்றி மட்டும் கண்ணாடி போல ஒரு வளையம். அதற்குள் எதுவும் வளர்ந்திருக்காது. ஸ்கேல் வைத்து அந்த வளையத்தை அளந்து, இத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்வார்கள்.

“தயிர் வாய்க் கிருமிகளைக் கொல்லும்” என்று எங்கேயாவது படித்தால், அதன் வேரைத் தேடிக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் இந்த வளையத்தில்தான் போய் நிற்பார். வளையம் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்தத் தட்டில் எச்சில் சுரப்பதில்லை, நாக்கு அசைவதில்லை, யாரும் எதையும் விழுங்குவதில்லை. தட்டில் நடந்தது வாயிலும் நடக்கிறதா, நடந்தால் எவ்வளவு என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். ஏனென்றால் தயிரை நம்பி ஒரு சீழ்க்கட்டியோடு நாட்களைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருமுறை கடத்தியிருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், வாய்க்குள் குடியிருப்பவர்கள் யார்?

1683-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் அந்தோனி வான் லேவன்ஹூக் என்பவர் தன் பற்களுக்கு இடையே படிந்திருந்த வெண்மையான மாவு போன்ற பொருளைச் சுரண்டி, தானே செய்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதில் நெளிந்து துள்ளும் சின்னஞ்சிறு உயிர்களைக் கண்டு, லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அதே பொருளை நீங்களும் பார்க்கலாம். காலையில் பல் துலக்குவதற்கு முன் ஈறு ஓரத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டினால் வெளிறிய மஞ்சளில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு வருமே, அதுதான். பல் மருத்துவர்கள் பிளாக் என்று சொல்வது இதைத்தான். மனித வாய்களில் இதுவரை 700-க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒரு மில்லிலிட்டர் எச்சிலில் மட்டும் சுமார் 10 கோடி பாக்டீரியாக்கள் மிதக்கின்றன.

இவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. சில வகைகள் அளவு மீறிப் பெருகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் மில்லர், வாய் பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்கி அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது என்ற விளக்கத்தை 1890-இல் வெளியான தன் நூலில் விரிவாக வைத்தார். 1924-இல் பிரிட்டனில் கிளார்க் என்ற ஆய்வாளர் சொத்தைப் பல்லிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். 1940-களில் ஸ்டீஃபன் என்ற ஆய்வாளர், சர்க்கரை நீரால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களிலேயே பிளாக்கின் பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) சரிவதையும், மறுபடி பழைய நிலைக்கு ஏற அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆவதையும் அளந்து காட்டினார். பிஎச் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும் என்பது பொதுவான கணக்கு. ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதி இன்னும் மென்மையானது. 6-க்குச் சற்று மேலேயே அது கரைய ஆரம்பித்துவிடும்.

சொத்தையின் கதை இது. ஈறு நோயின் கதை வேறு. அதில் முன்னணியில் நிற்பவை போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், ஃபியூசோபாக்டீரியம் போன்ற, காற்றில்லாத இடத்தைத் தேடும் பாக்டீரியாக்கள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் ஒளிந்து வாழ்பவை. இவற்றுக்குச் சர்க்கரை பெரிதாகத் தேவையில்லை. புரதத்தைத் தின்று வளரும், அமிலம் இவற்றுக்கு ஒத்துவராது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஆய்வு முடிவுகளுக்கு இதுதான் திறவுகோல். அப்புறம் மூன்றாவது கூட்டமாகக் கேண்டிடா என்ற பூஞ்சை இருக்கிறது. செயற்கைப் பல்செட் அணியும் முதியவர்கள், எச்சில் வற்றியவர்கள், ஸ்டீராய்டு மருந்தை மூச்சுவழி இழுப்பவர்கள் ஆகியோரின் நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளைத் திட்டாகப் படிவது இதுவே.

அமிலத்தை அமிலத்தால் விரட்ட முடியுமா?

பால் எப்படித் தயிராகிறது என்று யோசித்தால் ஒரு சிக்கல் உடனே கண்ணில் படும். உறை விட்டதும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபாசில்லஸ் பல்காரிகஸ் போன்ற பாக்டீரியாக்கள் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. 6.7 அளவில் இருந்த பாலின் பிஎச் படிப்படியாக இறங்கி 4.6-ஐத் தொடும்போது கேசீன் புரதம் திரண்டு பால் கெட்டியாகிறது. பல்லின் மேல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்குகிறது. பெயரைப் பார்த்தாலே தெரியும், உறை பாக்டீரியாவும் சொத்தை பாக்டீரியாவும் ஒரே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பம். தெர்மோஃபிலஸுக்கு இன்னும் நெருங்கிய உறவான சலிவேரியஸ் என்ற வகை நம் நாக்கின் மேலேயே தொந்தரவில்லாமல் குடியிருக்கிறது.

லாக்டோபாசில்லஸ் விஷயம் இதைவிட முரணானது. ஆழமான சொத்தைக் குழிகளைத் துருவிப் பார்த்தால் அங்கே லாக்டோபாசில்லஸ்கள் நிறைய இருக்கும். எச்சிலில் அவை எவ்வளவு உள்ளன என்று எண்ணி, ஒருவருக்குச் சொத்தை வரும் வாய்ப்பைக் கணிக்கும் சோதனையே ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அப்படியானால் அதே இனத்தை உணவில் சேர்த்துப் பல்லைக் காப்பாற்றுவது எப்படி? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுத் தயிரின் பெருமையை மட்டும் பேசும் கட்டுரைகள்மேல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. பதில் இருக்கிறது. லாக்டோபாசில்லஸ்களுக்கு வழுவழுப்பான பல் பரப்பில் பிடித்து நிற்கும் திறன் குறைவு. ஏற்கெனவே குழி விழுந்த இடத்தில்தான் அவை தங்கிப் பெருகும். சொத்தையைத் தொடங்கி வைப்பதைவிட, தொடங்கிய சொத்தையை ஆழப்படுத்துவதில் அவற்றின் பங்கு பெரிது. போதாததற்கு, லாக்டோபாசில்லஸ் என்பது மிகப்பெரிய குலம். ஒரு வகையின் குணம் இன்னொரு வகைக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. வாயில் திறந்த குழிகளை வைத்துக்கொண்டு லாக்டோபாசில்லஸ் மாத்திரைகளைத் தேடுவதற்கு முன், குழிகளை அடைத்துக்கொள்வது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்த கேள்வி, தயிரின் பிஎச் பற்றியது. தயிர் 4 முதல் 4.6 வரை இருக்கும். எனாமல் 5.5-லேயே கரையும் என்றோம். கணக்குப்படி தயிர் சாப்பிடுகிறவர்களின் பல் தேய வேண்டும். தேய்வதில்லை. அதே பிஎச் உள்ள பழச்சாற்றில் பல்லைப் போட்டு வைத்தால் மேற்பரப்பு மெதுமெதுப்பாகிவிடும். சர்க்கரை சேர்க்காத தயிரில் போட்டு வைத்தால் அப்படி ஆவதில்லை என்பதைச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. காரணம் எளிது. ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்துக்கு மேல் உப்பு கரையாமல் அடியில் தங்கும். தண்ணீர் ஏற்கெனவே உப்பால் நிறைந்துவிட்டது. எனாமல் என்பது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமம். 100 கிராம் தயிரில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் உண்டு, கூடவே பாஸ்பேட்டும். பாலில் கேசீனோடு ஒட்டியிருந்த கால்சியம் தயிராகும்போது அமிலத்தால் விடுபட்டு நீரில் கலந்துவிடுகிறது. அந்த நீர் கால்சியத்தாலும் பாஸ்பேட்டாலும் நிறைந்திருப்பதால் பல்லிலிருந்து மேலும் இழுத்துக்கொள்ள அதில் இடமில்லை. பிஎச் என்ற ஒற்றை எண்ணை வைத்து ஒரு உணவைத் தீர்ப்பிடக் கூடாது என்பதற்குத் தயிரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, கொல்லும் விஷயத்துக்கு வருவோம்.

அந்தத் தெளிந்த வளையத்தை உண்டாக்கியது எது என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் ஒரு நல்ல உத்தி வைத்திருக்கிறார்கள். தயிர்த் தெளிநீரில் காரத்தைச் சேர்த்து பிஎச்சை 7-க்குக் கொண்டுவருவார்கள். வளையம் மறைந்துவிட்டால் கொன்றது அமிலம். மறையவில்லையா? கேட்டலேஸ் என்ற நொதியைச் சேர்ப்பார்கள். அது ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைத்துவிடும். இப்போது மறைந்தால் கொன்றது பெராக்சைடு. அப்போதும் வளையம் நின்றால், புரதத்தை அரைக்கும் நொதியைச் சேர்ப்பார்கள். அதற்குப் பிறகு மறைந்தால், பாக்டீரியா சுரந்த ஏதோ ஒரு புரதப் பொருளே கொலையாளி. திருடனை ஒவ்வொரு கதவாக அடைத்துப் பிடிப்பது போன்ற வேலை.

பெரும்பாலான சோதனைகளில் முதல் கதவிலேயே வளையம் பெருமளவு சுருங்கிவிடும். அதாவது அமிலத்துக்கே பெரும்பங்கு. லாக்டிக் அமிலம் பிஎச் குறைந்த இடத்தில் உடையாமல் முழு மூலக்கூறாக இருக்கும். அந்த உருவில் பாக்டீரியாவின் சவ்வை எளிதாகக் கடந்து உள்ளே நுழையும். உள்ளே பிஎச் நடுநிலை என்பதால் அங்கே போனதும் உடைந்து ஹைட்ரஜன் அயனியை விட்டுவிடும். அதை வெளியே தள்ளித் தள்ளியே பாக்டீரியா தன் ஆற்றலைச் செலவழித்துத் தளர்ந்துபோகும். இதில் ஒரு கசப்பான உண்மை உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் அமிலத்திலேயே பிறந்து வளர்வது; ஹைட்ரஜன் அயனிகளை வெளியே இறைக்கும் பம்பு அதனிடம் வலுவாக இருக்கிறது. அமிலத்தில் முதலில் சாய்வது ஈறு நோய்க் கூட்டம்தான்.

பெராக்சைடைச் சில லாக்டோபாசில்லஸ்கள் சுரக்கின்றன. எச்சிலில் இதைச் சிதைக்கும் நொதிகள் ஏற்கெனவே இருப்பதால் வாயில் இதன் பங்கு சிறிதாகத்தான் இருக்க முடியும்.

மூன்றாவது கதவுக்குப் பின்னால் இருப்பவை பாக்டீரியோசின்கள். பாக்டீரியா தன் அண்டை வீட்டுக்காரர்களை ஒழிக்கச் சுரக்கும் சிறு புரதங்கள். இவற்றில் மிகப் பழையதும் மிக நன்றாக ஆராயப்பட்டதும் நிசின். பாலைப் புளிக்கவைக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் இதைச் சுரக்கிறது. இந்தத் தடுப்பு விளைவு 1928-லேயே கவனிக்கப்பட்டது. நிசின் என்ற பெயர் 1947-இல் வந்தது. 1969-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு உணவில் சேர்க்கப் பாதுகாப்பானது என்று ஏற்றது. ஈ234 என்ற எண்ணோடு பதப்படுத்திய சீஸ் பொட்டலங்களில் இன்றும் இதைக் காணலாம். பாக்டீரியா தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் லிப்பிட் இரண்டு என்ற மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு, சவ்வில் துளை போட்டுவிடுவது நிசினின் வேலை. சுவரும் எழாது, சவ்வும் ஒழுகும். ஆனால் கிராம் நெகட்டிவ் என்ற பிரிவைச் சேர்ந்த பாக்டீரியாக்களுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருப்பதால் அவற்றிடம் நிசின் அவ்வளவாகப் பலிக்காது. ஈறு நோய்க் கூட்டத்தின் தலைவர்கள் பலர் கிராம் நெகட்டிவ்.

இவற்றோடு எனக்கு மிகவும் பிடித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கொல்லும் பொருள் பாக்டீரியாவிடமிருந்து வர வேண்டும் என்ற கட்டாயமில்லை, பாலுக்குள்ளேயே மறைந்திருக்கிறது. சீஸ் செய்ய, பாலைத் திரளவைக்கும் ரென்னெட் என்ற பொருளைப் பாலில் விடும்போது அதிலுள்ள கைமோசின் என்ற நொதி, கப்பா கேசீன் என்ற புரதச் சங்கிலியை 105-ஆவது கண்ணிக்கும் 106-ஆவது கண்ணிக்கும் நடுவே வெட்டுகிறது. வெட்டுப்பட்டு உதிரும் வால்துண்டு, திரளும் கட்டியோடு சேராமல் வடியும் நீரோடு போய்விடும். மெல்போர்னில் பல் ஆராய்ச்சி செய்யும் குழு ஒன்று 2001-இல் இந்தத் துண்டின் ஒரு வடிவம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் இரண்டின் வளர்ச்சியையும் தடுப்பதைக் கண்டு, அதற்குக் கப்பாசின் என்று பெயர் வைத்தது. அதே நகரில் எரிக் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர், கேசீனின் வேறொரு துண்டு கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் தன்னோடு கட்டி வைத்துக்கொண்டு எனாமலுக்குத் திருப்பித் தருவதை நிறுவினார். இன்று பல் மருத்துவர்கள் பூசும் சில களிம்புகளில் இருப்பது அதுவே. தயிரிலும் சீஸிலும் பாக்டீரியாக்கள் கேசீனைத் துண்டு துண்டாக நறுக்கும்போது இப்படிப்பட்ட எத்தனையோ துண்டுகள் பிறக்கின்றன.

வாய் ஒரு தட்டு இல்லை

இப்போது அந்தக் கரண்டியை வாயில் வைப்போம். குளிர்ச்சியும் புளிப்பும் நாக்கில் பட்டதும் நாக்கின் அடியிலும் கன்னங்களின் உட்புறத்திலும் எச்சில் ஊறுகிறது. நாக்கு தயிரை அண்ணத்தோடு அழுத்துகிறது. இரண்டு மூன்று நொடி, விழுங்கியாயிற்று. ஈறு ஓரத்தில் ஒட்டிய மிச்சத்தைச் சற்று நேரத்தில் எச்சில் கழுவிவிடும். ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தைச் சமன் செய்கிறது. தட்டில் 24 மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செய்த தயிருக்கு, வாயில் கிடைப்பது ஒருசில நிமிடங்கள்.

அதைவிடப் பெரிய தடை பிளாக்கின் அமைப்பு. தட்டில் பாக்டீரியாக்கள் தனித்தனியாக, காவலின்றி இருந்தன. பல்லில் அவை பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து, அடுக்கு மேல் அடுக்காக வீடு கட்டிக்கொண்டு வாழ்கின்றன. சர்க்கரையிலிருந்தே மியூட்டன்ஸ் அந்தப் பசையைச் செய்கிறது. இப்படிப் படலமாக வாழும் பாக்டீரியாவைக் கொல்ல, மிதந்து திரியும் அதே பாக்டீரியாவுக்குத் தேவையான மருந்தைவிடப் பல மடங்கு தேவைப்படும். ஈறுப் பள்ளத்தின் அடியில் நான்கைந்து மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ளவற்றைத் தயிர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பிரஷ்ஷே எட்டாத இடம் அது.

அப்படியானால் பயனே இல்லையா? மனிதர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

2001-இல் வெளியான ஹெல்சிங்கி ஆய்வில், 18 பகல்நேரக் காப்பகங்களைச் சேர்ந்த 1 முதல் 6 வயது வரையுள்ள 594 குழந்தைகளில் ஒரு பாதிக்கு லாக்டோபாசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி என்ற வகை சேர்த்த பாலும், மறுபாதிக்குச் சாதாரணப் பாலும் 7 மாதங்கள் கொடுத்தார்கள். வாரத்தில் 5 நாள், சாப்பாட்டோடு. பாக்டீரியா சேர்த்த பாலைக் குடித்தவர்களிடம் சொத்தைக்கான ஆபத்து குறைந்திருந்தது, குறிப்பாக 3, 4 வயதுக் குழந்தைகளிடம். இது புளித்த பால் அல்ல, பாக்டீரியா கலந்த பால் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனாலும் ஒப்பீட்டுக் குழுவோடு நடத்திய முறையான ஆய்வு என்பதால் இத்துறையில் இன்றுவரை இதைக் காட்டிப் பேசுகிறார்கள்.

ஜப்பானின் ஹிசயாமா நகரில் 40 முதல் 79 வயது வரையுள்ள 942 பேரின் உணவையும் ஈறுகளையும் ஒப்பிட்டு 2008-இல் ஒரு ஆய்வு வந்தது. தயிர், லாக்டிக் பாக்டீரியா பானங்கள் ஆகியவற்றை ஒரு நாளைக்கு 55 கிராமோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்களிடம் ஈறு நோய் குறைவாக இருந்தது. வெறும் பாலோ சீஸோ சாப்பிட்டவர்களிடம் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. கால்சியம் மூன்றிலும் இருக்கிறது. உயிருள்ள லாக்டிக் பாக்டீரியா நிறைய இருப்பது முதல் வகையில்தான். அமிலம் ஈறு நோய்க் கூட்டத்துக்கு ஒவ்வாது என்று மேலே சொன்னதோடு இது பொருந்துகிறது. ஆனால் இது வாழ்க்கையைப் பார்த்துக் கணக்கெடுத்த ஆய்வு. தினமும் தயிர் சாப்பிடுகிறவர்கள் பல் துலக்குவதிலும் கவனமானவர்களாக இருந்திருக்கலாம். புள்ளியியலால் இதைச் சரிக்கட்டப் பார்ப்பார்கள், முழுவதும் முடியாது.

எனக்கு மிக நம்பிக்கை தருவது 2007-இல் வெளியான இன்னொரு ஃபின்லாந்து ஆய்வு. 276 முதியவர்களுக்கு 16 வாரங்கள் தினமும் 50 கிராம் சீஸ். ஒரு குழுவின் சீஸில் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள், மற்றொன்றில் சாதாரண சீஸ். எச்சிலில் கேண்டிடா வகைப் பூஞ்சை மிகுதியாக இருந்தவர்கள் முதல் குழுவில் 30 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தார்கள். இரண்டாவது குழுவில் 28-லிருந்து 34 ஆகக் கூடினார்கள். வாய் வறட்சியும் முதல் குழுவில் குறைந்தது. பூஞ்சைத் தொற்றால் உணவின் ருசியே தெரியாமல், விழுங்க முடியாமல் சுருங்கிப் போகும் முதியவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் சிறியதாகத் தோன்றாது. தினமும் எப்படியும் சாப்பிடும் ஒன்றில் இந்த அளவுக்குப் பலன் கிடைப்பது நல்ல செய்தி.

வாய் நாற்றம் பற்றியும் ஒரு சிறு ஆய்வு உண்டு. நாக்கின் பின்பகுதியில் உள்ள பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற, அழுகிய முட்டை வாடையுள்ள வாயுவை விடுகின்றன. ஜப்பானில் 24 பேர் 6 வாரங்கள், நாளொன்றுக்கு இரண்டு வேளை 90 கிராம் வீதம் சர்க்கரையில்லாத தயிர் சாப்பிட்டபோது அவர்களில் 80 சதவீதத்தினரிடம் இந்த வாயு குறைந்ததாக 2005-இல் தெரிவித்தார்கள். வெறும் 24 பேர் என்பதால் இதைப் பெரிதாக நம்பிவிட வேண்டாம். தயிர் சாப்பிட்டுப் பார்ப்பதில் நட்டமும் இல்லை.

இந்த ஆய்வுகளில் பொதுவாக ஓடும் ஒன்று உண்டு: தினமும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில். விருந்தாளிகள் போல வரும் இந்த பாக்டீரியாக்கள் வாயில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை. சாப்பிடுவதை நிறுத்திய சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில், எச்சிலிலிருந்து காணாமல் போய்விடும். இருக்கும்வரை ஒட்டும் இடத்துக்கும் உணவுக்கும் பழைய குடிகளோடு போட்டி போடும், கொஞ்சம் அமிலமும் பாக்டீரியோசினும் கசியவிடும். தட்டில் பார்த்த கொலையைவிட, இந்த இடைஞ்சல்தான் வாயில் நடக்கும் வேலையின் பெரும்பகுதி என்பது என் கணிப்பு. அதற்கு எண்ணிக்கையும் வேண்டும். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ், தயிர் என்று விற்க ஒரு கிராமில் குறைந்தது 1 கோடி உயிருள்ள உறை பாக்டீரியா இருக்க வேண்டும் என்கிறது. 10 கிராம் கொண்ட ஒரு கரண்டியில் 10 கோடி. ஒரு மில்லிலிட்டர் எச்சிலில் இருப்பதும் அதே 10 கோடி என்று முதலில் பார்த்தோம். ஒரு கரண்டிக்கு ஓரளவு சம பலம்தான். புளித்த பிறகு மறுபடி சூடாக்கி, அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கச் செய்த வகைகளில் இந்தப் படையே இருக்காது. கால்சியமும் புரதத் துண்டுகளும் மட்டும் மிஞ்சும்.

சீஸின் கதை சற்று வேறு. அது கடினமானது, மெல்ல வேண்டும், மெல்லும்போது எச்சில் பெருகும், சரிந்த பிஎச் விரைவாக ஏறும். 2003-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, கடினமான சீஸ் சொத்தை ஆபத்தைக் குறைப்பதற்கான சான்றை ‘அநேகமாக உண்மை’ என்ற படிநிலையில் வைத்தது. இனிப்பு சாப்பிட்டு முடித்ததும் ஒரு துண்டு சீஸை மெல்வதில் அர்த்தம் இருக்கிறது.

எல்லாவற்றையும் கெடுக்கும் ஒன்று சர்க்கரை. பழச்சுவை சேர்த்த கப் தயிர்களின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பொருள் பட்டியலில் பாலுக்கு அடுத்து சர்க்கரை நிற்கும். குடிக்கும் லாக்டிக் பானங்கள் பலவற்றிலும் அதே கதை. மியூட்டன்ஸுக்குத் தீனியும் பசையும் கொடுத்துவிட்டு அதோடு சண்டையிட ஆள் அனுப்புவதில் பயனில்லை. குழந்தைகளுக்கு இரவு படுக்கும் முன் இனிப்புத் தயிர் கொடுத்துத் தூங்க வைப்பது எனக்கு நிஜமாகவே கவலை தருகிறது. தூக்கத்தில் எச்சில் மிகக் குறைவாகச் சுரப்பதால் சர்க்கரை பல்லில் அப்படியே நிற்கும்.

தயிரால் முடியாதது

சில வருடங்களுக்கு முன் எனக்குக் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. சூடாக எதைக் குடித்தாலும் உயிர் போகும். குளிர்ந்த தயிரை வாயில் அந்தப் பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொண்டால் வலி அப்படியே அடங்கும். தயிர் வேலை செய்கிறது என்று நம்பி நான்கு நாட்கள் அதையே செய்தேன். ஐந்தாம் நாள் காலை கன்னம் வீங்கியிருந்தது, வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. பல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “சில்லுன்னு பட்டா வலி குறையுதா?” என்பதுதான். ஆமாம் என்றதும் அவர் முகம் மாறியது. சூட்டில் வலி கூடி, குளிரில் அடங்குவது பல்லின் உள்ளே நரம்பும் ரத்தக் குழாய்களும் உள்ள கூழ் செத்துக்கொண்டிருப்பதன் அடையாளம் என்று விளக்கினார். மூடிய அறைக்குள் வீக்கமும் வாயுவும் கூடி நரம்பை அழுத்தும். குளிர்ச்சி அந்த அழுத்தத்தைத் தற்காலிகமாகக் குறைக்கும். நான் சுகம் என்று நினைத்ததுதான் நோய் முற்றியதன் அறிகுறி. பல்லைத் திறந்து சீழை வெளியேற்றி, பிறகு வேர் சிகிச்சை செய்தார்.

பல்லின் கூழுக்குள்ளும் வேர் நுனியில் எலும்புக்குள்ளும் இருக்கும் தொற்றுக்குத் தயிர் போய்ச் சேர வழியே கிடையாது. கன்னம் வீங்குவது, காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கக் கஷ்டம், நாக்கின் அடியிலோ கழுத்திலோ வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கீழ்த்தாடைப் பல்லின் சீழ் நாக்கின் அடியிலுள்ள இடைவெளிகளில் பரவி மூச்சுக்குழாயை அடைக்கும் லுட்விக் ஆஞ்சைனா என்ற நிலை இன்றும் உயிரைப் பறிக்கிறது. ஈறிலிருந்து ரத்தம் கசிவதற்கும் முதல் வைத்தியம் பிளாக்கை அகற்றுவது: பிரஷ், ஃபுளூரைடு பற்பசை, பற்களுக்கு இடையே நூல், காரையாக இறுகிவிட்டால் மருத்துவரின் கையால் சுத்தம்.

தயிரைத் தவிர்க்க வேண்டியவர்களும் உண்டு. பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எந்தப் புளித்த பாலும் ஆகாது. கீமோதெரபியாலோ உறுப்பு மாற்றத்தாலோ நோய் எதிர்ப்புச் சக்தி வெகுவாகக் குறைந்தவர்களின் ரத்தத்தில் லாக்டோபாசில்லஸ்கள் அரிதாகத் தொற்றை உண்டாக்கியிருக்கின்றன. இதய வால்வில் கோளாறு உள்ளவர்களிடமும் அப்படி நடந்ததுண்டு. இப்படிப்பட்டவர்கள் செறிவான பாக்டீரியா மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கடைசியாக, மருந்துச் சீட்டோடு வீடு திரும்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஈறு நோய்க்குச் சில சமயம் எழுதித் தரும் டாக்சிசைக்ளின், டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது. கால்சியம் இந்த மருந்தைப் பிடித்துக் கட்டிவிடுவதால் குடலில் அது சரியாக உறிஞ்சப்படாது. சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் இதே பிரச்சினை. எனவே இந்த மாத்திரைகளைத் தண்ணீரோடு போட்டுக்கொண்டு, தயிரையும் பாலையும் சீஸையும் இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். அமாக்சிசிலினுக்கும் மெட்ரோனிடசோலுக்கும் இந்தத் தடை இல்லை. வாய் புண்ணாகி எதையும் மெல்ல முடியாத அந்த நாட்களில் இனிப்பில்லாத குளிர்ந்த தயிர் ஒரு கிண்ணம் இதமாக உள்ளே இறங்கும்.